சொல் எளிது, வாதம் கடிது



கிரேக்கம் கற்கத் தொடங்குபவருக்கு வழிகாட்ட நல்ல புத்தகங்கள் உண்டு. அதில் கரைகண்டவருக்கு ஆராய்ச்சி இதழ்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. இன்று நான் பேச வந்திருப்பது அவரைப் பற்றித்தான்.

அவர் யார்? 24 எழுத்தும் அழுத்தக் குறிகளும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெயர்ச்சொல்லின் வேற்றுமை வாய்பாடுகள் தெரியும். வினைச்சொல்லுக்கு ஆறு அடிப்படை வடிவங்கள் உண்டு என்பதும், அவற்றில் பாதி ஒன்றோடொன்று ஒட்டாது என்பதும் தெரியும். 'ரீடிங் கிரீக்', 'அதெனாஸே' போன்ற பாடநூல்களில் ஒன்றை முடித்திருப்பார். அல்லது இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக்காகக் கிரேக்கம் படித்திருப்பார். நம் பக்கத்தில் கிரேக்கம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வழியாக வந்தவர்கள். இனி பிளேட்டோவை மூலத்திலேயே படிக்கலாம் என்ற ஆசையோடு புத்தகத்தைப் பிரிக்கிறார். ஒரு மணி நேரத்தில் ஐந்து வரி நகர்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி. ஒவ்வொரு வினைக்கும் வாய்பாடு. கடைசியில் ஐந்து வரிக்கும் மொழிபெயர்ப்பு கையில் இருக்கிறது. "சரி, சாக்ரடீஸ் இங்கே என்னதான் சொல்கிறார்?" என்று கேட்டால் விழிக்கிறார். சொற்களுக்கெல்லாம் பொருள் கண்டாயிற்று. வாதம் மட்டும் கை நழுவிவிட்டது.

வழக்கமாக அவருக்கு இரண்டு யோசனை சொல்வார்கள். இன்னும் சொல்லைப் பெருக்கு என்பது ஒன்று. கொஞ்ச நாள் எளிய உரைநடை படி, தத்துவம் எங்கே போய்விடப் போகிறது என்பது மற்றொன்று. எளிய உரைநடை என்றால் பெரும்பாலும் செனஃபோனின் 'அனபாசிஸ்'. பாரசீகத்தில் சிக்கிய கிரேக்கக் கூலிப்படை ஊர் திரும்பிய கதை. இன்ன இடத்திலிருந்து கிளம்பினார்கள், இத்தனை பராசங் தூரம் நடந்தார்கள், இன்ன ஆற்றங்கரையில் தங்கினார்கள் என்று போகும். அருமையான நூல்தான். ஆனால் அறம் என்றால் என்ன என்று கேட்க வந்தவரை ஒரு வருடம் படையோடு நடக்கவிட்டால், அவர் ஈட்டி, கேடயம், குதிரைத் தீவனம் ஆகியவற்றின் பெயர்களில் விற்பன்னராகிறார். பலர் நடுவழியிலேயே கழன்றுகொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கட்சி இதற்கு நேர் எதிர். இடைநிலை மாணவருக்கு எளிய கருத்துள்ள பகுதி வேண்டாம். எளிய சொற்களும் கடினமான வாதமும் உள்ள பகுதி வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் அகராதியால் தப்பிக்க முடியாது. இலக்கணத்தைப் பிடித்தால்தான் வாதம் பிடிபடும்; வாதத்தைப் பிடித்தால்தான் இலக்கணம் எதற்கென்று விளங்கும். கிரேக்கத் தத்துவத்தில் இத்தகைய இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

பிளேட்டோவின் 'யூத்திஃப்ரோ'. கி.மு. 399. தன்மீது மெலட்டஸ் தொடுத்த வழக்கு தொடர்பாகச் சாக்ரடீஸ் அரச ஆர்க்கான் என்ற அதிகாரியின் மண்டபத்துக்கு வந்திருக்கிறார். அங்கே யூத்திஃப்ரோ நிற்கிறார். பெற்ற தகப்பன் மீதே கொலைவழக்குப் போட வந்தவர். அவர்கள் நிலத்தில் வேலை செய்த கூலியாள் ஒருவன் குடிவெறியில் ஓர் அடிமையைக் கொன்றுவிட்டான். அவனைக் கைகால் கட்டிக் குழியில் போட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆளனுப்பினார் தகப்பன். ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் அவன் செத்துப்போனான். தகப்பன் மேல் வழக்குப் போடுவது புனிதமான செயலா என்று பேச்சு தொடங்குகிறது. புனிதம் என்றால் என்ன என்பதில் போய் நிற்கிறது. தேவர்கள் எல்லாரும் விரும்புவதே புனிதம் என்கிறார் யூத்திஃப்ரோ. உடனே சாக்ரடீஸ் கேட்கும் கேள்வியைத் தத்துவம் படித்தவர்கள் அறிவார்கள்: புனிதமாக இருப்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா, அவர்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா? ஸ்டெஃபானஸ் பக்க எண் 10, பகுதி அ. இந்தப் பக்க எண் 1578-இல் ஹென்றி எஸ்தியென் (லத்தீனில் ஸ்டெஃபானஸ்) ஜெனீவாவில் அச்சிட்ட பதிப்பிலிருந்து வருவது. பிளேட்டோவை எந்த நாட்டில், எந்தப் பதிப்பில் படித்தாலும் ஓரத்தில் இதே எண் இருக்கும். முதல் வகுப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டிய சங்கதி இது.

கேள்வி யூத்திஃப்ரோவுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே சாக்ரடீஸ் விளக்குகிறார். விளக்கத்தில் வரும் வினைகள் சுமத்தல், நடத்திச் செல்லுதல், காணுதல், விரும்புதல். நான்கும் முதல் வருடப் பாடத்திலேயே வந்துபோனவை. அகராதி பக்கம் போகவே வேண்டாம். ஆனாலும் மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்களும் மூலத்தில் படிக்கிறவர்களும் ஒரே மாதிரி திணறுகிற இடம் இது.

காரணம், வாதம் முழுவதும் வினையின் இரண்டு வடிவங்கள் மேல் நிற்கிறது. ஒன்று 'ஃபெரோமெனோன்'. நம் இலக்கணத்தில் சொன்னால் வினையாலணையும் பெயர்: 'சுமக்கப்படுவது'. மற்றொன்று 'ஃபெரெத்தை'. இது வினைமுற்று: 'சுமக்கப்படுகிறது'. முதலாவது பொருளுக்கு ஒட்டப்பட்ட ஒரு பெயர். இரண்டாவது அதன்மேல் நடக்கும் ஒரு செயல். சாக்ரடீஸ் கேட்பது இதுதான்: ஒரு பொருள் சுமக்கப்படுவது என்ற பெயர் பெற்றிருப்பதால் அதை ஒருவர் சுமக்கிறாரா, ஒருவர் சுமப்பதால் அதற்கு அந்தப் பெயர் வருகிறதா? ஆங்கிலத்தில் இரண்டு வடிவமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். அதனால் அங்கே வாதம் வெறும் சொற்சிலம்பம் போலத் தோன்றிவிடுகிறது. தமிழில் பள்ளி இலக்கணம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். ('சுமக்கப்படுகிறது' என்று நாம் யாரும் வீட்டில் பேசுவதில்லை என்பது உண்மை. அது வேறு பேச்சு.)

வகுப்பில் இந்தப் பகுதிக்கு வந்தால் நான் மொழிபெயர்க்கச் சொல்வதில்லை. கரும்பலகையில் இரண்டு பத்தி. வினையாலணையும் பெயர்கள் இடப்பக்கம், வினைமுற்றுகள் வலப்பக்கம். மாணவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போவேன். பிறகு மூலத்தில் 'ஏனெனில்' என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் தேடச் சொல்வேன். எது காரணம், எது விளைவு? காரணத்திலிருந்து விளைவுக்கு அம்புக்குறி போடுங்கள் என்பேன். எல்லா அம்பும் வலமிருந்து இடமாகப் பாயும். செயல் முதலில், பெயர் பிறகு. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

அடுத்து 'ஹோஸியோன்', அதாவது புனிதமானது. இதை எந்தப் பத்தியில் எழுதுவது? வகுப்பு அமைதியாகிவிடும். அது வினையாலணையும் பெயரும் அல்ல, வினைமுற்றும் அல்ல. எந்த வினையிலிருந்தும் பிறக்காத தனி உரிச்சொல். அதைப் பலகையின் ஓரத்தில் தனியாக எழுதுகிறோம். இப்போது யூத்திஃப்ரோ ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறார்: தேவர்கள் புனிதத்தை விரும்புவது அது புனிதமாக இருப்பதால்தான், வேறு எதனாலும் அல்ல. ஆகவே ஓரத்திலிருந்து 'விரும்பப்படுகிறது' என்பதை நோக்கி அம்பு போகிறது. ஆனால் 'தேவர் விருப்புக்குரியது' என்பதற்கோ, அவர்கள் விரும்புவதால்தான் அந்தப் பெயர். அதன் அம்பு எதிர்த்திசையில் வருகிறது. இரண்டும் ஒன்றே என்றால் அம்புகளும் ஒரே திசையில் அல்லவா போக வேண்டும்? போகவில்லை. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. யூத்திஃப்ரோவின் வரையறை விழுந்தது. அவர் புனிதத்தின் 'ஊஸியா'வை, அதன் சாரத்தைச் சொல்லவில்லை, அதற்கு நேர்ந்த ஒரு 'பாதோஸ்' எதுவோ அதைத்தான் சொன்னார் என்று சாக்ரடீஸ் முடிக்கும்போது, அந்த இரண்டு கலைச்சொற்களுக்கும் நான் விளக்கம் சொல்லத் தேவையே இருப்பதில்லை. பலகையிலேயே இருக்கிறது.

ஏறக்குறைய ஒரு பக்கமே வரும் பகுதி. ஆனால் இதை முடித்த மாணவர் பிறகு எந்தக் கிரேக்க நூலில் வினையாலணையும் பெயரைக் கண்டாலும் அலட்சியமாகத் தாண்டிப் போகமாட்டார்.

தமிழ் மாணவருக்குள்ள அனுகூலத்தைத் தொட்டுவிட்டேன். அதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேலை நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. நீண்ட வாக்கியம் வந்தால் முதலில் வினைமுற்றைத் தேடு, பிறகு எழுவாய், பிறகு மற்றவை என்று வாக்கியத்தைக் கூறுபோட்டுப் படிப்பது. இது படிப்பே அல்ல, எழுதிய வரிசையிலேயே பொருள் கொண்டு போகப் பழக வேண்டும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கார்டனர் ஹேல் 1887-இல் லத்தீனை முன்வைத்து ஒரு சிறுநூலே எழுதினார். நமக்கு அந்தப் போதனையே வேண்டியதில்லை. எச்சத்துக்கு மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டுபோய், வினைமுற்றுக்காகக் கடைசிவரை பொறுத்திருப்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து அந்தப் பொறுமையை விட்டுவிடாமல் இருந்தாலே போதும்.

இடைச்சொல்லும் அப்படித்தான். கிரேக்கத் தத்துவ உரைநடையில் 'மென்', 'தெ', 'கெ', 'ஊன்', 'அரா', 'தே' என்று துணுக்குச் சொற்கள் இறைந்து கிடக்கும். டெனிஸ்டன் இவற்றுக்கு மட்டும் 1934-இல் ஒரு நூல் எழுதினார். அதன் இரண்டாம் பதிப்பு அறுநூறு பக்கத்தைத் தாண்டும். ஆங்கிலம் பேசும் மாணவர் இவற்றைக் கண்டு அஞ்சுவார், அல்லது விட்டுவிட்டுப் போவார். தொல்காப்பியம் இடையியல் என்று தனி இயலே வகுத்து, ஏகாரத்துக்கு ஐந்து பொருள், ஓகாரத்துக்கு ஆறு, உம்மைக்கு எட்டு என்று எண்ணிவைத்த மரபிலிருந்து வருபவருக்கு அச்சம் எதற்கு? 'நீயும் வா', 'நீதான் வா', 'நீயாவது வா' மூன்றும் வெவ்வேறு என்பது நம் குழந்தைக்கே தெரியும். வாதத்தில் இந்தத் துணுக்குகள்தான் கைகாட்டி மரம். இது புது எடுகோள், இது முடிவு, இது எதிராளிக்கு விட்டுக்கொடுத்தது என்று காட்டுபவை அவையே. ஆகவே என் மாணவர்கள் ஓரத்தில் சொற்பொருள் எழுதக்கூடாது. அந்த வாக்கியம் வாதத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் எழுத வேண்டும்: கேள்வி, ஒப்புதல், முடிவு, மறுப்பு. இதில் ஒரு நுட்பம். 'ஊக்கூன்' என்று ஒரு சொல். அழுத்தக் குறி பின்னால் விழுந்தால் 'அப்படியானால் இன்னது அல்லவா?' என்று உடன்பாட்டை எதிர்பார்க்கும் கேள்வி. முன்னால் விழுந்தால் 'ஆகவே இல்லை' என்ற மறுப்பு. எழுத்தெல்லாம் ஒன்றே. பிளேட்டோ காலத்தில் இந்தக் குறிகளே எழுதுவதில்லை; நம் கையிலுள்ளவை பின்னால் வந்தவர்கள் இட்டவை. வாதம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துதான் குறி இட முடியும்.

தமிழ் மாணவர் இடறும் இடம் எதுவென்றால் சுட்டிடைச்சொல், ஆங்கிலத்தின் 'the' போன்றது. அதற்கு நிகரான ஒன்று நம்மிடம் இல்லை. கிரேக்க வாக்கியத்தில் இரண்டு பெயர்கள் எதிரெதிரே நின்றால் பொதுவாகச் சுட்டுப் பெற்றது எழுவாய், பெறாதது பயனிலை. சொல் வரிசையை நம்ப முடியாது. புதிய ஏற்பாடு படித்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தின் கடைசித் துண்டை, 'அந்த வார்த்தை தேவனாயிருந்தது' என்பதைப் பாருங்கள் என்றால் போதும். அதன்மேல் நடந்த சண்டையெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பிளேட்டோவில் 'அழகானது நல்லது' என்பதற்கும் 'நல்லது அழகானது' என்பதற்கும் உள்ள வேறுபாடு பல சமயம் அந்தச் சின்னஞ்சிறு சுட்டில்தான் தொங்கும். இதற்குப் பயிற்சி தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உரையாடல் நூல்களில் மாணவர்கள் தாவிவிடும் இன்னொன்று, எதிராளியின் பதில்கள். சாக்ரடீஸ் பத்து வரி பேசுவார். பதில் ஒரு சொல்லில் வரும். மாணவர் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவார். 'பானு கெ' என்றால் 'ஆமாம், சந்தேகமே இல்லை'. 'ஃபைநெத்தை' என்றால் 'அப்படித்தான் தோணுது'. 'எஒய்க்கென்' என்றால் 'இருக்கும் போல'. 'அனங்க்கே' என்றால் 'வேறு வழியில்லையே'. வாத்தியார் கேட்டால் ஒரு பதில், கடன்காரன் கேட்டால் ஒரு பதில் என்று நாமே ஆமாம் போடுவதில் எத்தனை தினுசு வைத்திருக்கிறோம்! பிளேட்டோவின் 'குடியரசு' முதல் புத்தகத்தில் திராசிமாக்கஸ் தொடக்கத்தில் வீறாப்பாகப் பேசுவார். வரவர அவர் பதில்களில் சுருதி இறங்கும். ஒரு கட்டத்தில் அவரை இழுத்து இழுத்துத்தான் ஒத்துக்கொள்ள வைக்க முடிந்தது, கோடைக்காலம் வேறு, வியர்த்துக் கொட்டியது, முகமும் சிவந்தது என்று சாக்ரடீஸே சொல்கிறார். அந்த வியர்வை வரும் முன்பே பதில்களில் அது கசியத் தொடங்கிவிடும். இரண்டு மாணவர்களை எழுப்பி, ஒருவர் சாக்ரடீஸாகவும் ஒருவர் திராசிமாக்கஸாகவும் கிரேக்கத்திலேயே வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தானாகத் தெரியும். மொழிபெயர்ப்பு வேண்டாம். குரல் மட்டும் போதும்.

துணைநூல்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. லிடல், ஸ்காட் இருவரின் பேரகராதி 1843-இல் வந்தது. ஒன்பதாம் பதிப்பு 1940-இல் முடிந்தது. ஆய்வாளருக்கு அது வேண்டும். இடைநிலை மாணவருக்கு ஒரு சொல்லின் முப்பது பொருளில் எது இங்கே பொருந்தும் என்று தேடுவதிலேயே அரை மாலை போய்விடும். 2021-இல் வந்த கேம்பிரிட்ஜ் கிரேக்க அகராதி அவருக்கு இதைவிட இணக்கமானது. அதைவிட நல்லது, மூலத்துக்குக் கீழே அதே பக்கத்தில் அருஞ்சொற்களைத் தரும் பதிப்புகள். ஜெஃப்ரி ஸ்டெட்மன் இப்படிப் பல நூல்களைத் தயாரித்திருக்கிறார். சொல்லைத் தேடும் கூலிவேலையை அந்தப் பக்கம் செய்துவிடும். யோசிக்கும் வேலை மாணவருடையது. எதிர்ப்பக்கத்தில் முழு மொழிபெயர்ப்பையே தரும் லோப் வரிசைப் பச்சைப் புத்தகங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கண் நம் பேச்சைக் கேட்காது. எளிய பக்கத்துக்குத்தான் ஓடும். படித்து முடித்த பிறகு பார்க்கட்டும். ஒன்றுக்கு இரண்டு மொழிபெயர்ப்பாகப் பார்க்கட்டும். இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அங்கே மூலத்தில் ஏதோ ஒரு முடிச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

எதை முதலில் படிப்பது? பிளேட்டோவின் 'மெனோ'வில் அடிமைச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித்தரும் பகுதியிலிருந்து தொடங்கலாம். இரண்டடிப் பக்கமுள்ள சதுரம், பரப்பு நான்கு. அதை இரட்டிப்பாக்க என்ன பக்கம் வேண்டும்? நான்கடி என்கிறான் பையன். பரப்பு பதினாறு ஆகிவிடுகிறது. மூன்றடி என்கிறான், ஒன்பது ஆகிறது. கடைசியில் மூலைவிட்டத்தில் விடை கிடைக்கிறது. சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் இரண்டு பக்கத்துக்குள் மனதில் தங்கிவிடும். தவிர, தரையில் படம் போட்டுக்கொண்டே படிக்கலாம். பையனைக் கூப்பிட்டதும் சாக்ரடீஸ் கேட்பது ஒன்றுதான்: இவன் கிரேக்கன்தானே, கிரேக்கம் பேசுவான் அல்லவா? அந்த வகுப்பில் சேர அது ஒன்றே தகுதி. இறையியல் கல்லூரி வழியாக வந்தவர்கள் எபிக்டெட்டஸின் 'கையேட்டில்' தொடங்கலாம். அவர் பாடம் சொன்னதை மாணவர் அர்ரியன் தொகுத்தது. 53 சிறு அத்தியாயங்கள். புதிய ஏற்பாட்டின் பொதுக் கிரேக்கத்துக்கு நெருங்கிய நடை. நம் வசத்தில் உள்ளது எது, இல்லாதது எது என்ற முதல் அத்தியாயமே ஒரு மாலைக்குப் போதும். அங்கிருந்து 'கிரிட்டோ', 'யூத்திஃப்ரோ'.

ஹெராக்ளிட்டஸ் வேண்டாம். துண்டு துண்டாக இருப்பதால் எளிது என்று நினைத்து வருகிறார்கள். அவருடைய நூலின் தொடக்க வாக்கியத்தில் 'எப்போதும்' என்ற சொல்லை முன்னால் உள்ளதோடு சேர்ப்பதா, பின்னால் உள்ளதோடு சேர்ப்பதா என்று தெரியவில்லையே என அரிஸ்டாட்டிலே தம் 'அணியியல்' நூலில் அலுத்துக்கொள்கிறார். தாய்மொழிக்காரருக்கே அந்தக் கதி. பார்மெனிடீஸ் எழுதியது செய்யுள். அதற்கும் காலம் இருக்கிறது.

அந்த அரிஸ்டாட்டிலுக்கு எப்போது போவது? பிளேட்டோவில் நூறு பக்கம் தேறிய பிறகு. இவரிடம் வேறு மாதிரிச் சங்கடம். சொற்கள் குறைவு, வாக்கியங்கள் சிறியவை. ஆனால் பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுவார். வெளியிடுவதற்காக மெருகேற்றாத பாடக்குறிப்புப் போன்ற நடை. 'நிக்கோமாக்கியன் அறவியல்' எட்டாம் புத்தகம், நட்பைப் பற்றியது, தொடங்க ஏற்ற இடம். பெக்கர் 1831-இல் பதிப்பித்த பெர்லின் பதிப்பின் பக்க எண்ணில் 1155. ஒவ்வொரு வாக்கியத்திலும் விட்டுப்போன சொல்லை, மொழிபெயர்க்காமல், கிரேக்கத்திலேயே பென்சிலால் வரிக்கு மேல் எழுதச் சொல்வேன். மாணவர்கள் முதலில் முனகுவார்கள்.

அதே பக்கத்தின் இரண்டாம் பத்தியில், உயிரற்ற பொருள்மேல் வைக்கும் ஆசையை ஏன் நட்பு என்று சொல்வதில்லை என்று விளக்குகிறார். திருப்பி அன்பு செலுத்த அதனால் முடியாது. அதற்கு நலம் நாடுவதும் பொருந்தாது. மதுவுக்கு நல்லது நடக்கட்டும் என்று யாராவது நினைப்பார்களா? சிரிப்பாகத்தான் இருக்கும். இதற்குப் பிறகு 'அல்லா எய்பெர்' என்று இரண்டே சொல். 'அப்படியே நினைத்தாலும்' என்ற முழு வாக்கியத்தை அதில் மடக்கிவைத்திருக்கிறார். தொடர்ந்து, கெட்டுப்போகாமல் இருக்கட்டும், தனக்கு வேண்டுமே என்றுதான் நினைப்பான் என்கிறார். யார் நினைப்பான்? எழுவாய் இல்லை. 'அது' என்பதும் 'தான்' என்பதும் கிரேக்கத்தில் ஒரே சொல்லின் இரண்டு வேற்றுமைகள். மது என்ற சொல்லும் அங்கே ஆண்பால் என்பதால், எது மதுவைக் குறிக்கிறது, எது குடிப்பவனைக் குறிக்கிறது என்பதை வேற்றுமையைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும். பென்சில்கள் சிறிது நேரம் அங்கேயே நிற்கும். பிறகு பின்வரிசையில் யாராவது ஒருவர், மொழிபெயர்ப்பு ஏதும் சொல்லப்படுவதற்கு முன்பே, களுக்கென்று சிரிப்பார். அவரை எழுப்பி அடுத்த வாக்கியத்தைப் படிக்கச் சொல்வேன். நண்பனுக்கோ அவன் பொருட்டே நலம் நாட வேண்டும் என்பார்கள் என்று அது தொடங்குகிறது.